கணக்கெடுப்பு வருகிறது: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தாய்மொழிக் கட்டத்தில் என்ன சொல்லப் போகிறீர்கள்?

#1 பனங்காட்டான்

நான் சொல்வது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகா, ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2011க்கு அப்புறம் இப்போதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து எண்ணுகிறார்கள், இந்த முறை எல்லோரிடமும் ஜாதியும் கேட்பார்கள். எல்லா ஜாதியையும் எண்ணிக் கடைசியாக வெளியிட்டது 1931இல், வெள்ளைக்காரன் காலத்தில். ஜாதியை விடுங்கள், என் கவலை தாய்மொழிக் கட்டத்தைப் பற்றி. 2011இல் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன், ஆத்தா மட்டும்தான் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருந்தார். சாயங்காலம் வந்து "மொழி கேட்டாங்களா"ன்னு கேட்டேன். "பேரு, வயசு கேட்டாங்க, மத்ததெல்லாம் அவங்களே எழுதிக்கிட்டாங்க" என்றார். எங்கள் வீட்டில் மலையாளம் என்று விழுந்ததா தமிழ் என்று விழுந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான்.

அந்தக் கணக்குப்படி கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐந்து லட்சத்துச் சில்லறைப் பேர், நூற்றுக்கு ஒன்றரை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர்கள், திருவனந்தபுரம், கொச்சி என்று வேலைக்குப் போனவர்கள், நம் தாலூகா எல்லாம் சேர்த்துத்தான் அவ்வளவு. கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று காதைக் கொடுத்தால் இது எந்த மாநிலம் என்றே சந்தேகம் வரும், அப்படிப்பட்ட ஊர் இது. எங்கள் அப்பாரு பொள்ளாச்சிப் பக்கமிருந்து இங்கே வந்து கரிசல் காட்டை வாங்கிக் கடலையும் பருத்தியும் போட்டவர். கேரளாவிலேயே கரிசல் மண் இருப்பது நம் தாலூகாவில்தான். மழையும் மேற்கே கொட்டுகிற மாதிரி இங்கே கொட்டாது. மண்ணும் வானமும் கொங்கு நாட்டுக்காரனுக்குப் பழகினவை, அதனால்தான் வந்தார்கள், தங்கினார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். நம் பக்கத்தில் கவுண்டர், முதலியார், செட்டியார், நாயக்கர், ராவுத்தர், ஐயர், அருந்ததியர், எரவாளர், யாராக இருந்தாலும் தாய்மொழி தமிழ் என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷன் போகும், தமிழ் தெரிந்த கிளார்க் போஸ்ட் போகும், எல்லாம் போகும். வீட்டில் வயசானவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

#2 மீனாட்சிபுரம் கேட்

யார் என்ன ஜாதி, வீட்டில் என்ன பேசுகிறான் என்று கிண்டுவதே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளா. பெண் கொடுப்பது எடுப்பது, பால் ஊற்றுவது, கடன் வாங்குவது எல்லாம் இரண்டு பக்கமும்தான். எண்ண ஆரம்பித்தால் சண்டைதான் வரும்.

#3 தறிச்சத்தம்

பனங்காட்டான் அண்ணா, கோபப்படாமல் படியுங்கள். நான் தேவாங்கச் செட்டியார். நீங்கள் போட்ட பட்டியலில் "செட்டியார்" என்று ஒரே சொல்லில் போய்விட்டோம். எங்கள் வீட்டில் கன்னடம். சுத்தமான மைசூர்க் கன்னடம் என்று சொல்ல மாட்டேன், பெங்களூர்க்காரர் கேட்டால் பாதி புரியாது, தமிழும் மலையாளமும் கலந்து எங்களுக்கென்று ஒரு பேச்சாக ஆகிவிட்டது. ஆனால் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது அதில்தான், அப்பா தறிக் குழிக்குள் உட்கார்ந்து நூல் அறுந்தால் திட்டுவதும் அதில்தான். திருவில்வாமலைப் பக்கம் குத்தாம்புள்ளியில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கொச்சி ராஜா குடும்பத்துக்கு நெய்ய வந்தவர்கள் என்று சொல்வார்கள். அங்கே கடைத்தெருவில் மலையாளம், வீட்டுக்குள் இதே பேச்சு. நாங்கள் கிழக்கே இருப்பதால் கடைத்தெருவில் தமிழ், அவ்வளவுதான் வித்தியாசம்.

சௌடேஸ்வரி அம்மனை அழைக்கும்போது மார்பில் கத்தி போட்டுக்கொண்டு "தீசுக்கோ தாயே, தெகதுக்கோ தாயே" என்று கத்துவோம். எடுத்துக்கொள் தாயே என்பதை ஒருமுறை தெலுங்கிலும் ஒருமுறை கன்னடத்திலும் சொல்கிறோம். எங்கள் கூட்டத்தில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு, கன்னடம் பேசுகிறவர்களும் உண்டு, இரண்டு பேருக்கும் ஒரே சாமி. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எப்படித் தாய்மொழி தமிழ் என்று சொல்வேன்? நான் தமிழில் படித்தவன், தமிழில்தான் இதையும் எழுதுகிறேன், அது வேறு.

#4 பனங்காட்டான்

கோபம் இல்லை தம்பி. உங்கள் வீட்டுப் பேச்சு உங்களோடு இருக்கட்டும், யாரும் பறிக்க வரவில்லை. நான் கேட்பது காகிதத்தில் ஒரு சொல். கன்னடம் என்று நீங்கள் நூறு வீடு சொன்னால் இந்தத் தாலூகாவில் கன்னடப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்களா? தமிழ் என்று சொன்னால் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடமாவது தப்பும். நாம் ஆளுக்கு ஒரு பேர் சொல்லிப் பிரிந்து நின்றால் மெஜாரிட்டிக்குத்தான் லாபம்.

#5 புதுநகரம் ராவுத்தர் வீடு

எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ராவுத்தர் வீட்டில் தமிழ்தான், அத்தா பேசினது தமிழ், அத்தாவுக்கு அத்தா பேசினதும் தமிழ். கேரளாவில் முஸ்லிம் என்றால் மலபார் மாப்பிளா, மலையாளம் பேசுவார் என்று வெளியூர்க்காரர்கள் ஒரே முடிவாக இருப்பார்கள். மார்க்கச் சட்டத்தில் அவர்கள் ஷாஃபி வழி, நாங்கள் ஹனஃபி வழி. கல்யாணச் சாப்பாட்டிலிருந்து உறவு சொல்லிக் கூப்பிடுவது வரை வேறுபாடு இருக்கிறது. குதிரை வியாபாரம், குதிரைப் படை என்று எங்கள் பெரியவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தவர்கள் நாங்கள். ஆனைமலைக்கும் அந்தப் பக்கத்து மலைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் வாசல் திறந்து கிடக்கும்போது யார்தான் வராமல் இருப்பார்கள்?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் பிள்ளைகள் மதரசாவிலும் மலையாளம், பள்ளிக்கூடத்திலும் மலையாளம். வீட்டுக்கு வந்து என்னோடு தமிழ் பேசுகிறார்கள், ஆனால் கடைப் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். தமிழ் என்று சொல்லி எழுத வைப்பேன், அதில் சந்தேகமில்லை. அடுத்த கணக்கெடுப்பில் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குச் சொல்ல முடியவில்லை.

#6 முதலமடை மாந்தோப்பு

தறிச்சத்தம் சொன்ன "தீசுக்கோ" எங்கள் வீட்டுச் சொல், எங்கள் வீட்டில் தெலுங்கு. தண்ணீரை நாங்கள் நீள்ளு என்றுதான் சொல்வோம். நான் அருந்ததியர், கேரள எஸ்சி பட்டியலில் எங்களுக்குச் சக்கிலியன் என்ற பெயரும் இருக்கிறது.

பனங்காட்டான் அவர்களே, உங்கள் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொண்டீர்கள், நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் அம்மா உங்கள் மாதிரிக் காட்டுக்காரர் வீடுகளில் முப்பது வருஷம் கடலை பிடுங்கினார். தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்துதான் ஊற்றினார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது டீக்கடையில் எங்களுக்கு வேறு கிளாஸ். ஊற்றினவர் தமிழர், வேறு கிளாஸ் வைத்தவரும் தமிழர். அப்போது வேண்டாத ஒற்றுமை இப்போது எண்ணிக்கைக்கு மட்டும் வேண்டுமா? நீங்கள் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஒரே குரல் என்று நீங்கள் எழுதினதைப் படித்ததும் எனக்கு அந்தத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது.

ஜாதிச் சான்றிதழுக்கு நாங்கள் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தில் எஸ்சி என்று சொல்ல வேண்டுமானால் 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் அந்த மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வந்தவர்களுக்குப் பழைய மாநிலத்தில்தான் அந்த உரிமை. எங்கள் தாத்தாவிடம் பட்டா இல்லை, பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் பெயர் இல்லை, கூலிக்கு வேலை செய்தவருக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? 1950க்கு முன்னால் இங்கே இருந்தார் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? இந்தப் பக்கமே நாலு தலைமுறையாக இருந்துவிட்டு, "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்தானே, அங்கே போய்க் கேளுங்கள்" என்ற பதிலை ஒரு ஆபீசில் கேட்டுவிட்டுத் திரும்பினவன் நான். அங்கே போனால் நீங்கள் கேரளா ரேஷன் கார்டு என்பார்கள்.

#7 தமிழ் டீச்சர்

மாந்தோப்புத் தம்பி எழுதினதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இருபது வருஷம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுத்தவள் என்ற முறையில் விதிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பனங்காட்டான் சாரின் பயத்தில் பாதி தவறான இடத்தில் இருக்கிறது.

முதலில் தாய்மொழி என்றால் கணக்கெடுப்பில் என்ன அர்த்தம் என்று பார்ப்போம். சின்ன வயதில் அம்மா குழந்தையிடம் பேசின மொழி. அம்மா சிறு வயதிலேயே போய்விட்டால், அந்தக் குழந்தை வளர்ந்த வீட்டில் பெரும்பாலும் பேசின மொழி. பேச்சுக்கு எழுத்து இருக்க வேண்டும் என்றோ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றோ விதி இல்லை. ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு மொழி வரலாம், எல்லோருக்கும் ஒன்றே போட வேண்டியதில்லை. நாம் சொல்வதைத்தான் வந்தவர் எழுத வேண்டும், அவராக முடிவு செய்யக் கூடாது. இதற்கு அடுத்த கேள்வி, வேறு என்ன மொழி தெரியும் என்பது. அதில் இரண்டு மொழி வரை சொல்லலாம். அந்தக் கேள்வியை நம் ஆட்கள் யாரும் கவனிப்பதே இல்லை. கன்னடம் என்று சொல்கிற தேவாங்கர் அங்கே தமிழ், மலையாளம் இரண்டையும் சொல்லிவிடலாம்.

இனி பள்ளிக்கூடம். தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கொடுக்க 1949இலேயே கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒத்துக்கொண்ட அளவு, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளி முழுதும் 40 பிள்ளைகள். 1956இல் அரசியலமைப்பில் 350ஏ பிரிவு வந்தது, மாநிலங்கள் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று. இந்த 10, 40 எல்லாம் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் கணக்கு. கணக்கெடுப்புப் படிவத்தில் நீங்கள் என்ன சொன்னாலும், ஜூன் மாதம் பிள்ளையைத் தமிழ் டிவிஷனில் சேர்க்காவிட்டால் டிவிஷன் போகத்தான் செய்யும். என் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தது கணக்கெடுப்பால் இல்லை. தமிழ் பேசுகிற வீட்டுக்காரர்களே வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பினார்கள். அருந்ததியர் பிள்ளைகளும் எரவாளர் பிள்ளைகளும்தான் கடைசிவரை என் வகுப்பில் இருந்தார்கள். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளால்தான் இங்கே தமிழ் மீடியம் ஓடியது, சார்.

கணக்கெடுப்பு எண்ணிக்கை உதவுவது வேறு இடத்தில். ஒரு மாவட்டத்திலோ அதற்குக் கீழோ 15 சதவீதமோ அதற்கு மேலோ ஒரு மொழி பேசுகிறவர்கள் இருந்தால் முக்கியமான விதிகள், அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது சிறுபான்மைப் பாதுகாப்பில் ஒன்று. அப்புறம் 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம். தமிழர்களும் கன்னடர்களும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்கள் ஆபீசுக்கும் சொந்த மொழியில் எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுக்கும் எழுதலாம். கன்னடமும் அதில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தெலுங்கு இல்லை. மற்ற மொழிக்காரர்கள் இங்கிலீஷில் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கிறது, கூலி வேலை செய்கிற ஒரு அம்மா இங்கிலீஷில் எப்படி மனு எழுதுவார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

#8 நகரி

தலைப்பில் சித்தூர் என்று பார்த்து உள்ளே வந்தேன், நான் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்த ஆந்திராச் சித்தூர்ப் பக்கத்துக்காரன். வந்ததற்கு மன்னிக்கவும், ஆனால் எழுதாமல் போக முடியவில்லை.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர், செங்குந்த முதலியார்கள் நிறைய. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, துணி விற்பது இரண்டிலும். 1960 ஏப்ரல் 1இல் எல்லையை மாற்றினார்கள், எல்லைத் தகராறில் மத்தியஸ்தம் செய்த படாஸ்கர் சொன்னபடி திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. ம.பொ.சி. எங்கள் பக்கத்துக்காகப் போராடினவர் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில் இரண்டு தரப்பும் ஊர் ஊராகக் கணக்குக் காட்டி வாதாடினார்கள். அதனால் எங்களுக்கு எண்ணிக்கை என்றால் எல்லை என்ற பயம் ரத்தத்தில் ஏறிவிட்டது. உங்கள் நிலைமை அப்படி இல்லை, எல்லையை இனி யாரும் நகர்த்தப் போவதில்லை. இந்தப் பயத்தில் மற்றவர்கள் மொழியை மறைக்கச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் தம்பி மனைவி தெலுங்குக்காரி, அவள் பிள்ளைகள் தெலுங்கு என்று சொல்வார்கள், என் பிள்ளைகள் தமிழ் என்று சொல்வார்கள், எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம்.

#9 சோகநாசினிக் கரை

நான் சித்தூர் தெக்கேகிராமத்து அக்ரஹாரம். மலையாளத்துக்குப் பிதா என்று சொல்லப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து இருந்த மடம் எங்கள் கிராமத்தில்தான், ஆற்றங்கரையில். அவர் பக்கத்தில் குடிவைத்த தமிழ்ப் பிராமணர்கள் நாங்கள். சின்ன வயதில் மடத்தில் விஜயதசமிக்கு மணலில் ஹரிஸ்ரீ எழுதினேன், மலையாள எழுத்தில். வீட்டுக்கு வந்ததும் பாட்டி தமிழில் "என்ன எழுதினாய்" என்று கேட்டார். பாட்டி பேசின தமிழைக் கேட்டு மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்கள், "பறஞ்சேன்" என்பார், "வெள்ளம்" என்றால் எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர். சிரிக்கட்டும். அம்மா என்னிடம் பேசினது அது, தமிழ் என்று சொல்வேன். ஆனால் கிராமத்தில் இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் பம்பாயிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். எங்களை எண்ண வேண்டியது அங்கே.

#10 நல்லேபுள்ளி

எனக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மலையாளி, ஈழவர், அப்பன் பனை ஏறினவர். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தமிழ் கற்றுக்கொண்டேன், இல்லாவிட்டால் கள்ளு விற்க முடியாது.

வருஷாவருஷம் கும்ப மாசத்தில் சித்தூர்க் காவு பகவதி கோயிலில் கொங்கன்படை என்ற திருவிழா நடக்கிறது. கிழக்கே கொங்கு நாட்டிலிருந்து கொங்கன் படை எடுத்து வந்தான், பகவதியே இறங்கி வந்து நாயர் படையோடு சேர்ந்து அவனைத் தோற்கடித்தாள் என்பது கதை. கொங்கன் அனுப்பின போர் ஓலையைச் சத்தம் போட்டு வாசிப்பார்கள், அப்புறம் சண்டை மாதிரி நடித்துக் காட்டுவார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் பக்கத்தில் நின்று பார்த்தவன் என் கூட்டுக்காரன், கவுண்டர் வீட்டுப் பையன். "ஆரடா தோற்றது" என்று நான் கேட்டேன், அவன் "எங்க ஆளு" என்று சொன்னான், இரண்டு பேரும் சேர்ந்துதான் பொரி வாங்கித் தின்றோம். ஒரு ஊரின் பெரிய திருவிழாவே பக்கத்து வீட்டுக்காரன் தோற்ற கதையாக இருக்கிறது, அவனும் வந்து பார்க்கிறான். வேறு எங்கே இப்படி உண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், பனங்காட்டான் அண்ணா, மெஜாரிட்டிக்கு லாபம் என்றீர்கள். எனக்கு என்ன லாபம்? தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு தண்ணீர் ஒப்பந்தப்படி எல்லைப் பக்கத்து மணக்கடவில் கேரளாவுக்கு வர வேண்டியது வருஷத்துக்கு 7.25 டிஎம்சி. தண்ணீர் குறைந்தால் என் வயலும் காயும் உங்கள் காடும் காயும். தமிழ்நாட்டைப் பார்த்துத் தண்ணீர் கேட்டுக் கொடி பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிற விவசாயிகள். அந்த நாளில் யார் மெஜாரிட்டி?

#11 பனங்காட்டான்

இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. படித்துக்கொண்டு இருந்தேன்.

மாந்தோப்புத் தம்பி, கையில் ஊற்றின தண்ணீரைப் பற்றி எழுதினீர்கள். எங்கள் சாளையிலும் அப்படித்தான் ஊற்றினார்கள், நானே பார்த்திருக்கிறேன். வாசல் திண்ணையில் ஒரு அலுமினியப் போசி தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். அது யாருக்கு என்று எனக்கு எட்டு வயசிலேயே தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தெரியும். அதை இங்கே முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் உங்கள் பெயரை என் பட்டியலில் போட்டது தப்பு, மன்னிப்புக் கேட்கிறேன்.

டீச்சர் சொன்ன கணக்கு எனக்கு உறைத்தது. என் மகள் இங்கிலீஷ் மீடியம்தான். வேனில் போகிறாள். தமிழ் டிவிஷனில் ஆள் குறைகிறதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அதற்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கவில்லை.

ஒரே குரலில் தமிழ் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் ஆத்தாவிடம் கேட்காமல் யாரோ எதையோ எழுதிக்கொண்டு போனதற்கு இத்தனை வருஷம் வயிறெரிந்தவன், அதே வேலையைத் தறிச்சத்தம் வீட்டுக்கும் மாந்தோப்பு வீட்டுக்கும் செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்த வீட்டில் எது பேசினாலும் அதையே சொல்லுங்கள். வந்தவர் கேட்காமல் எழுதினால் நிறுத்தி, என்ன எழுதினீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். இந்த ஒன்றைத்தான் இனி நான் ஊரில் சொல்லப் போகிறேன்.

#12 மீனாட்சிபுரம் கேட்

எண்ண ஆரம்பித்தால் சண்டை வரும் என்று சொன்னவன் நான்தான். சண்டை வந்தது, ஆனால் எண்ணுவதைப் பற்றிப் பேச்சே வராமல் இருந்திருந்தால் மாந்தோப்புத் தம்பி சொன்னதை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

#13 வடகரப்பதி மணியோசை

கத்தோலிக்கர்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நாங்கள் லத்தீன் ரீத்து, அதாவது லத்தீன் வழிபாட்டு முறை, பூசை தமிழில். ரொம்ப நாள் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் இருந்தோம், மாநிலம் இங்கே, ஆயர் அங்கே. 2013 டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் என்று தனியாக அமைத்தார்கள். மேற்கேயிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர்களுக்கு வேறு கோயில், வேறு வழிபாடு, மலையாளம். தமிழ்தான் என்று சொல்வோம்.

#14 பதிக்காரன்

மூன்று நாளாக இந்த இழையைப் போனில் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. நான் எரவாளர். பனங்காட்டான் அண்ணா முதலில் போட்ட பட்டியலில் கடைசியாக இருந்த பெயர்.

எங்களை வெளியே யாருக்கும் தெரியாது. கோக்க கோலா ஆலைக்கு எதிரான பிளாச்சிமடைப் போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மா எங்கள் ஆள், 2007இல் இறந்துபோனார். அவரைப் பற்றி எழுதினவர்களில் ரொம்பப் பேர் ஆதிவாசிப் பெண் என்று எழுதினார்கள், எரவாளர் என்று எழுதினவர்கள் குறைவு. நாங்கள் இருக்கும் குடியிருப்பைப் பதி என்போம். வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி என்று இந்தப் பக்கம் ஊர்ப் பெயரிலெல்லாம் பதி இருக்கிறது. அந்த ஊர்களில் சொந்த நிலம் உள்ள எரவாளர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் மடக்க வேண்டியிருக்காது.

எங்கள் பேச்சைத் தமிழ் என்பார்கள் சிலர், மலையாளம் என்பார்கள் சிலர். பாட்டி பேசினால் இரண்டு தரப்புக்கும் புரியாது. நாங்கள் மொத்தமே சில ஆயிரம் பேர்தான். டீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும். எரவாளம் என்று சொன்னால் அது எங்கே போகும்?

#15 தமிழ் டீச்சர்

உண்மையைச் சொல்கிறேன் தம்பி. 2011இல் நாடு முழுதும் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அதைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக ஆக்கினார்கள், அதையும் தொகுத்து 121 மொழிகளாக வெளியிட்டார்கள். நாடு முழுதும் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசுகிற மொழி தனிப் பெயரில் வெளியாகாது, "மற்றவை" என்ற வரிசையில் போய்விடும். உங்கள் பெயரும் அங்கேதான் போகும். ஆனாலும் படிவத்தில் நீங்கள் சொன்ன பெயர்தான் பதியும். தமிழ் என்று சொன்னால் அந்த இடத்திலும் இருக்காது. இதற்கு மேல் நான் சொன்னால் பொய்யாகிவிடும்.

#16 புதுநகரம் ராவுத்தர் வீடு

இன்னொரு கேள்வி. எங்கள் பக்கம் இப்போது நாற்று நடுவது வங்காளத்துப் பையன்கள். காலையில் வரிசையாக வயலில் இறங்கினால் ஏக்கர் கணக்கில் முடித்துவிட்டு ஏறுகிறார்கள். முதலமடைத் தோப்புகளிலும் வடக்கத்தி ஆட்கள் இருக்கிறார்கள். என் வாடகை வீட்டில் எட்டுப் பேர், மூன்று வருஷமாக. அவர்கள் நம் ஊர்க் கணக்கில் வருவார்களா?

#17 தமிழ் டீச்சர்

வழக்கமாகத் தங்கியிருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். மூன்று வருஷம் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் புதுநகரத்துக்காரர்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் நீங்கள் அவர்கள் சார்பில் பதில் சொல்லாதீர்கள், அவர்களை வைத்துக்கொண்டே சொல்ல வையுங்கள். "பெங்காலி" என்று நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், கேட்டால் ஒருவர் ஒடியா, ஒருவர் அசாம், ஒருவர் சந்தாலி என்று வரும்.

#18 முதலமடை மாந்தோப்பு

பனங்காட்டான் அண்ணா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. போசியைப் பற்றி வந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

தெலுங்கு என்று சொல்வோம். தெரிந்த மொழியில் தமிழ், மலையாளம்.

#19 பதிக்காரன்

டீச்சர், நன்றி. எரவாளம் என்றே சொல்லப் போகிறேன். மற்றவையில் போனால் போகட்டும்.

ஒரு உதவி வேண்டும். பாட்டிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. மழைக்கு, கிழங்குக்கு, தேனுக்கு, மலைக்கு எல்லாம் அவர் சொல்லும் சொல் என் அம்மாவுக்கே பாதி தெரியாது. யாராவது வந்து கேட்டு எழுதி வைக்க முடியுமா? எனக்கு எழுதத் தெரியும், ஆனால் நான் கேட்டால் பாட்டி எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லிவிடுகிறார். புது ஆள் கேட்டால்தான் பழைய பேச்சில் பேசுவார்.

#20 பனங்காட்டான்

நான் வருகிறேன் தம்பி. போனில் பதிவு செய்துகொள்ளலாம். டீச்சர், நீங்களும் வந்தால் எழுதுவதைப் பார்த்துக்கொள்ளலாம். என் மகளையும் கூட்டி வருகிறேன். வருகிற ஞாயிறு முடியுமா?

#21 தமிழ் டீச்சர்

வருகிறேன். நாற்பது பக்க நோட்டு போதாது, பெரியதாக வாங்கி வருகிறேன்.

#22 பதிக்காரன்

ஞாயிறு சரி. பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், மத்தியானம் ஆனால் பாட்டி தூங்கிவிடுவார். வெற்றிலை மட்டும் கொஞ்சம் வாங்கி வாருங்கள், எங்கள் பக்கம் கடை இல்லை.